அகத்தியர் வீட்டுக்கு அனுமதிச் சீட்டு

அகத்தியரைத் தரிசிக்க வேண்டுமானால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள் போய்விட வேண்டும். நாளொன்றுக்கு நூறு பேர்தான். டாக்டர் சர்டிஃபிகேட் கட்டாயம். பிளாஸ்டிக், பீடி, சிகரெட், மது கூடாது. பூஜைப் பொருட்களும் கூடாது. கேரள வனத்துறை கம்ப்யூட்டரில் முன்பதிவைத் திறந்த வேகத்தில் சீட்டுகள் தீர்ந்துபோகின்றன. தமிழுக்கு இலக்கணம் தந்தவர் என்று தமிழர்கள் இரண்டாயிரம் வருடப் பெருமை பேசும் முனிவரின் வீட்டு வாசலில் இப்போது மலையாளத்தில் எழுதிய போர்டுதான் வரவேற்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாக சுமார் 60 கி.மீ. போனால் போனக்காடு. பெயர் ஒலிப்பது போல அது 'போன காடு' அல்ல. ஆங்கிலேயர்கள் தேயிலை பயிரிட்டு வைத்த 'பான் அக்கார்ட்' எஸ்டேட்தான் மக்கள் வாயில் அப்படியாயிற்று. எஸ்டேட் நொடித்துப்போய் ஆண்டுகள் பல ஆகின்றன. ஃபாக்டரி துருப்பிடித்து நிற்கிறது. கிள்ளுவாரில்லாமல் தேயிலைச் செடிகள் மரமாகிக்கொண்டிருக்கின்றன. லயங்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் தொழிலாளர் குடும்பங்களில், தலைமுறைகளுக்கு முன் தமிழ்ச் சீமையிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளும் உண்டு. மேலே ஒரு பழைய பங்களாவில் பேய் இருப்பதாகச் சொல்லி இளைஞர் கூட்டம் மோட்டார் சைக்கிளில் வருகிறது. சம்பள பாக்கிக்காகக் காத்திருக்கும் லயத்துக்காரர்களைப் பார்க்க அவ்வளவு கூட்டம் வருவதில்லை.

வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷனில் பைகளைக் கொட்டிச் சோதிக்கிறார்கள். அங்கிருந்து நடைதான். முதல் நாள் சுமார் 14 கி.மீ. நடந்து அதிருமலை முகாம். மறுநாள் காலை சுமார் 6 கி.மீ. ஏறினால் 1,868 மீட்டர் உயரத்தில் சிகரம். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. இமயமலைக்குப் போய் வந்தவர்கள்கூட இதை ஒரு கை பார்த்துவிடலாம் என்று வந்து, இரண்டாம் நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காரணம் உயரமல்ல, வழி. முதல் பாதி நிழலான மழைக்காடு. கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று வரிசையாக ஓடைகள். ஒவ்வொன்றிலும் குளிர்ந்த நீர். ஒவ்வொன்றின் கரையிலும் சற்று உட்காரச் சபலம். அட்டையாற்றுக்கு ஏன் அந்தப் பெயர் என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. காலுறைக்குள் உப்பும் புகையிலையும் வைத்துக்கொண்டு போனவர்களையும் அட்டைகள் விசாரிக்காமல் விடுவதில்லை. பிறகு திடீரென்று மரங்கள் முடிந்து, ஆளுயரப் புல்வெளி. நிழல் என்பதே கிடையாது. யானைச் சாணம் வழி நெடுக. புல்வெளி தாண்டினால் ஏழுமடக்குத்தேரி. தேரி என்றால் நெல்லைக்காரர்களுக்குச் செம்மண் மேடு நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் செங்குத்தான ஏற்றத்துக்கு அந்தப் பெயர். ஏழு மடிப்பு என்று பெயர் வைத்தவர் களைத்துப்போய் எண்ணுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

அதிருமலையில் இரவு. தகரக் கூரைக்குக் கீழே பாயில் படுக்கை, கஞ்சியும் பயறும். முகாமைச் சுற்றி யானைக்காக அகழி. எதிரே, மேகம் விலகும் சில நிமிடங்களில், ஒரே கல்லாக நிற்கிறது அகத்தியர்கூடம்.

மறுநாள் ஏற்றத்தில் பொங்காலப்பாறை வரும். ஓடைத் தண்ணீர் கிடைக்கும் கடைசி இடம் அதுதான் என்பதால் பாட்டில்களை இங்கே நிரப்பிக்கொள்கிறார்கள். அதற்கு மேலே காற்று மரங்களை இடுப்புயரத்துக்கு மேல் வளரவிடுவதில்லை. கிளைகளெல்லாம் ஒரே திசையில் வளைந்து, பாசி போர்த்தி நிற்கின்றன. கடைசியில் மொட்டைப் பாறை. கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில், வெட்டவெளியில், மழையிலும் மூடுபனியிலும் நின்றுகொண்டிருக்கிறார் குறுமுனி. சின்னச் சிலை. கோவிலோ கோபுரமோ உண்டியலோ இல்லை. தெளிவான நாளில் மேற்கே நெய்யாறு, பேப்பாறை அணைகளின் நீர்ப்பரப்பு மின்னும். கிழக்கே தாமிரபரணியின் அணைகளும் அதற்கப்பால் நெல்லைச் சீமையும்.

இந்த மலைக்குச் சொந்தக்காரர்கள் ஏராளம். பரமசிவனின் கல்யாணத்துக்குக் கூட்டம் கூடி வடக்கு தாழ்ந்தபோது, பூமியைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே வந்து அமர்ந்த பொதிகை இது என்பது தமிழர் நம்பிக்கை. சங்க காலத்தில் பொதியில் ஆய் அரசர்களின் மலை. புறநானூற்றுப் புலவர்கள் ஆய் அண்டிரனைப் பாடியிருக்கிறார்கள். கிரேக்க நூலாசிரியர் தாலமி குறிப்பிடும் 'பெட்டிகோ' மலை இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏழாம் நூற்றாண்டுச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங், தெற்கே அவலோகிதேசுவரர் வாழும் போதலகம் என்ற மலையைப் பற்றி எழுதினார். அந்தப் போதலகமும் பொதிகையும் ஒன்று என்று வாதிட்டவர்களில் தமிழகத்தில் ஆய்வு செய்த ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகாவும் ஒருவர். வாதம் சரியென்றால், லாசாவில் தலாய் லாமாக்களின் போதலா அரண்மனையும் சீனக் கடலிலுள்ள புட்டோ தீவும் சுமப்பது நம் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் தினமும் பார்க்கும் மலையின் பெயரை. எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

சிவில் இன்ஜினீயர் மனோபாவத்தோடு வந்தவர் ஜான் ஆலன் பிரவுன். சுவாதித் திருநாள் மகாராஜா 1837ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய வானிலையத்துக்கு 1852ல் தலைமை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தசக்தி உயரத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்று அறிய அவருக்கு ஆசை. 1855ல் அகத்தியர் சிகரத்தில் ஓர் ஆய்வுக்கூடமே கட்டிவிட்டார். இன்றைக்கு வெறும் முதுகுப்பையோடு மூச்சுத் திணறும் வழியில், அன்று கருவிகளும் கட்டட சாமான்களும் மனித முதுகில் ஏறியிருக்கின்றன. சுமந்தவர்கள் பெயர் விஞ்ஞான சரித்திரத்தில் இல்லை.

1956 நவம்பரில் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது இன்னொரு விளையாட்டு நடந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட ஒன்பது தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. கிடைத்தவை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையின் ஒரு பகுதி. அகத்தியர் பெயர் கொண்ட தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. அகத்தியர் மலையின் உச்சி கேரளத்தோடு போயிற்று. மலையின் கிழக்குச் சரிவு மட்டும் தமிழ்நாட்டில் தங்கியது. தாமிரபரணி அங்கேதான் பிறக்கிறது. மேற்கே வடியும் நீர் கரமனையாறாகித் திருவனந்தபுரத்துக் குடிநீர்க் குழாய்களுக்குப் போகிறது. நெய்யாற்றுத் தண்ணீரோ தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே கோர்ட்டு வழக்காகியிருக்கிறது.

நெல்லைப் பக்கத்திலிருந்தும் ஒரு பழைய வழி உண்டு. காரையாறு, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம் என்று பக்தர்கள் நாள்கணக்கில் நடந்த வழி. இன்று அது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் உள்பகுதி. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அதனால் பாபநாசத்தில் நின்று மலையை அண்ணாந்து பார்க்கும் பக்தர், அதன் உச்சிக்குப் போக நாகர்கோவில் வழியாகவோ செங்கோட்டை வழியாகவோ மலையைச் சுற்றித் திருவனந்தபுரம் வந்து, கேரள வனத்துறையின் க்யூவில் நிற்கிறார். இதில் மனக்குறை உள்ளவர்கள் நெல்லையில் நிறைய. ஆனால் புலிக்கும் பூங்குளத்துக்கும் அந்தப் பூட்டு நல்லதே செய்திருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவே மலையில் உண்மையிலேயே குடியிருப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் காணிக்காரர்கள். மலையின் இரு சரிவுகளிலும் இருக்கிறார்கள். இரு மாநிலத்து ரேஷன் கார்டும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஊர்த்தலைவர் மூட்டுக்காணி. நோய் தீர்ப்பவர் பிலாத்தி. 'கொக்கரை' என்ற இரும்புக் குழலை உரசி ஒலியெழுப்பி இரவு முழுக்கச் சாற்றுப்பாட்டு பாடி நோயை விரட்டுவது அவர்கள் வழக்கம். எட்டு வீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பி ஓடிய மார்த்தாண்ட வர்மாவைக் காட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றியது தங்கள் முன்னோர் என்கிறார்கள். அந்த உறவில் ஓணத்துக்கு முன் தேனும் வாழைக்குலையும் சுமந்துகொண்டு கவடியார் அரண்மனைக்குப் போகும் வழக்கம் மன்னராட்சி முடிந்த பிறகும் தொடர்ந்தது. அகத்தியர் அவர்களுக்கு இலக்கண ஆசிரியர் அல்ல. மலையையும் மருந்தையும் தந்த மூப்பன், குலதெய்வம்.

வெளியுலகம் அவர்களைக் கவனித்தது 1987 டிசம்பரில். பழங்குடி மருத்துவ அறிவைச் சேகரிக்க டாக்டர் பி.புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் குழு மலையேறியது. வழிகாட்டிகள் காணிக்காரர்கள். விஞ்ஞானிகள் களைத்து விழ, வழிகாட்டிகள் மட்டும் ஏதோ சிறு காய்களை மென்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். என்ன அது என்று கேட்டால் வாய் திறக்கவில்லை, குலரகசியம். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே செடியைக் காட்டினார்கள். காட்டு நிழலில் தரையோடு வளரும் சின்னஞ்சிறு செடி. பெயர் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து 'ஜீவனி' என்ற சத்துமருந்தைத் தயாரித்தது. 1995ல் கோவை ஆரிய வைத்திய ஃபார்மஸிக்குத் தயாரிப்பு உரிமம். விலை 10 லட்ச ரூபாய், பிறகு விற்பனையில் 2 சதவீத ராயல்டி. அதில் பாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அன்றைக்கு அப்படிக் கொடுக்கச் சொல்லி இந்தியாவில் சட்டமே கிடையாது. பல்லுயிர்ச் சட்டம் வந்தது 2002ல்தான். பணத்தைப் பெற்றுக்கொள்ள 1997ல் காணிகளின் நல அறக்கட்டளை ஒன்று பதிவாகி, 1999ல் முதல் தொகை கைக்கு வந்தது. ஜீப் ஒன்று வாங்கினார்கள். உலகம் கைதட்டியது. 2002ல் ஜோஹன்னஸ்பர்க் மாநாட்டில் புஷ்பாங்கதனுக்கு ஐ.நா.வின் பூமத்தியரேகை விருது. 'காணி மாடல்' பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

மாடல் பாடமான அளவுக்கு மலையில் பலிக்கவில்லை. செடி தன் சொந்தக் காட்டில் வளர்ந்தால்தான் மருந்துச் சத்து முழுமையாகச் சேர்கிறது. ஆனால் அந்தக் காட்டிலிருந்து இலை பறிக்க வனத்துறை ஆட்சேபித்தது. இலைக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்ததும் வெளியாட்கள் செடியை வேரோடு பிடுங்கத் தொடங்க, வனத்துறையின் ஆட்சேபத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. பலன் பெரும்பாலும் குற்றிச்சல் பஞ்சாயத்துக் காணிகளுக்கே போனது என்று விதுரை, பெரிங்கமலைப் பக்கத்துக் காணிகளுக்கு வருத்தம். ரகசியத்தை விற்க மூன்று பேருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று பிலாத்திகளிடமிருந்தும் கேள்வி வந்தது. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரையே தன் டிரேட் மார்க்காகப் பதிவு செய்துகொண்டது. உரிமக் காலம் முடிந்தபின் பழைய வேகத்தில் எதுவும் நடக்கவில்லை.

இந்த அனுபவம் இருந்ததால்தானோ என்னவோ, அடுத்த முறை வெளியுலகம் கதவைத் தட்டியபோது காணிகள் முகம் கொடுக்கவில்லை. அது பெண்கள் விவகாரம்.

அகத்தியர் பிரம்மச்சாரி, அதிருமலைக்கு மேலே பெண்கள் போகக்கூடாது என்பது காணிகளின் நம்பிக்கை. லோபாமுத்திரை என்ற மனைவி அவருக்கு உண்டு என்று புராணம் படித்தவர்கள் சொல்வார்கள். காணிகளின் அகத்தியர் அந்தப் புராணத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல. வனத்துறை நம்பிக்கை என்று சொல்லாமல், பாதை கடினம், பாதுகாப்பில்லை என்று சொல்லிப் பெண்களையும் 14 வயதுக்குக் குறைந்தவர்களையும் விலக்கி வைத்தது. விண்வெளிக்குப் பெண்கள் போய்வந்த காலத்தில் ஏழுமடக்குத்தேரியை மட்டும் ஏற முடியாதா என்று கேரளப் பெண்கள் அமைப்புகள் கோர்ட்டுக்குப் போயின. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில், பாலின அடிப்படையில் யாரையும் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. சபரிமலைத் தீர்ப்பு வந்து இரண்டே மாதம். மாநிலம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

2019 ஜனவரி 14. அந்த ஆண்டின் முதல் குழுவில் ஒரே ஒரு பெண். திருவனந்தபுரத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்த தன்யா சனல். போனக்காட்டில் காணிக்காரர்கள், பெண்களும் சேர்ந்து, வழியோரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கல்லெறியவில்லை, வழிமறிக்கவில்லை. தன்யா ஏறினார், உச்சியைத் தொட்டார், இறங்கினார். அவருக்குப் பின் எத்தனையோ பெண்கள். சபரிமலையில் போலீஸ் பட்டாளம் தேவைப்பட்ட அதே மாதத்தில், இங்கே சில பாட்டுகளோடு முடிந்தது. டி.வி. காமிராக்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கலாம்.

தீர்ப்பு சரியானதுதான். காட்டுப்பாதை அரசுக்குச் சொந்தம். டிக்கெட் விற்றுவிட்டு பாதி மக்களுக்கு இல்லை என்று சொல்ல அரசுக்கு உரிமை கிடையாது. ஆனால் காணிகளின் மனக்குறை பெண்களைப் பற்றியது மட்டுமல்ல. தங்கள் தெய்வம் இருக்கும் இடம் டிரெக்கிங் ஸ்பாட் ஆனது எப்போது, யாரைக் கேட்டு என்ற கேள்வி அதற்கு அடியில் இருக்கிறது. ஆண்கள் ஆயிரக்கணக்கில் ஷூ காலோடு ஏறியபோதே எழுந்திருக்க வேண்டிய கேள்வி. அது கோர்ட்டு முன்னால் வரவில்லை. வந்திருந்தாலும் எந்தச் செக்ஷனில் அடங்கும் என்று சொல்வது கஷ்டம்.

விருந்தாளிகளால் மலை இழந்ததற்குக் கணக்கும் உண்டு. உலகத்தில் இந்த மலைப்பகுதியில் மட்டுமே விளையும் ஒரு ஆர்கிட், மஞ்சள் நிறத்தில் செருப்பு வடிவப் பூ. 1865ல் கர்னல் ஹீபர் ட்ரூரி கண்டெடுத்தார். பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்ததாகக் கருதப்பட்டு, 1972ல் மீண்டும் அகப்பட்டது. அகப்பட்ட செய்தி பரவியதும் ஆர்கிட் வியாபாரிகள் கூடைகூடையாகப் பெயர்த்துப்போனார்கள். தேடிக் கண்டுபிடித்ததே அதற்கு வினையாயிற்று. யுனெஸ்கோ 2016ல் அகத்தியமலையை உலக உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன கணக்கு: 3,500 சதுர கி.மீ.; 2,254 வகை உயர்தரத் தாவரங்கள்; அதில் சுமார் 400 வேறெங்கும் இல்லாதவை. நாளுக்கு நூறு பேர் என்ற வரம்பைக் குறை சொல்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை படிப்பது நல்லது.

சீட்டுக் கிடைக்காதவர்களுக்குத் திருவனந்தபுரம் வேறு மலைகளும் வைத்திருக்கிறது. கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. அதன் அருகே வரையாட்டுமொட்டை, பெயருக்கேற்ப வரையாடுகள் மேயும் பாறை முகடு. அவற்றின் தென்கோடி இருப்பிடங்களில் ஒன்று. கல்லாற்றிலேயே மீன்முட்டி அருவிக்குக் காட்டுக்குள் ஒரு சிறு நடை. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது போதும். வழிகாட்டி இல்லாமல் எங்கேயும் இறங்கக்கூடாது. காலை நேரம்தான் பத்திரம்.

அகத்தியர்கூடத்துக்குப் போகிறவர்களுக்கும் வழிகாட்டிகள் காணிக்காரர்கள்தான். முகாமில் கஞ்சி காய்ச்சுவது, பாறையில் கயிறு கட்டுவது, முழங்கால் பிடித்துக்கொண்டவரைத் தோளில் சாய்த்து இறக்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வழியில் ஆரோக்கியப்பச்சையைக் காட்டச் சொல்லி நச்சரிக்கும் பயணிகள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. பிப்ரவரி முடிந்ததும் பிக்கெட் ஸ்டேஷனில் பாதை பூட்டப்படும். அதிருமலையில் அடுப்பு அணையும். வழிகாட்டிகள் மிளகுக் கொடிக்கும் மரச்சீனிக்கும் ரப்பர் வெட்டுக்கும் திரும்பிவிடுவார்கள். மீதி மாதங்களில் மலைக்கு இவ்வளவு கூட்டம் வராது.